மேய்ப்பன் ஓடலாமா?

கி.பி. 429இல் வாண்டல் படை ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வட ஆப்பிரிக்காவில் இறங்கியது. ஊர்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் தியாபே என்ற ஊரின் ஆயர் ஒனோராத்துஸ், ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனிடம் ஒரு சந்தேகம் கேட்டார். படை வரும்போது குருக்கள் ஊரைவிட்டுப் போகலாமா? அவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. அவர் கையில் வேத ஆதாரமே இருந்தது. ஒரு பட்டணத்தில் துன்புறுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசு (மத்தேயு 10). தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கித்தான் தப்பவைத்தார்கள். ஆனால் அதே வேதத்தில் யோவான் 10ஆம் அதிகாரமும் இருக்கிறது. ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டுவிட்டு ஓடுகிறவன் கூலியாள் என்கிறது அது.

துன்பத்தில் உடன் நிற்பதுதான் விசுவாசத்தின் அழகு என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். சபையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் தீர்ந்துபோன கேள்வியாக இருந்ததில்லை. நின்றவர்களும் உண்டு, ஓடியவர்களும் உண்டு. ஓடி, பிறகு திரும்பி வந்து நின்றவர்களும் உண்டு. நிற்பதுபோல் நின்று காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு.

அகுஸ்தீன் எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. அவருடைய கடிதத் தொகுப்பில் 228ஆவது. அவர் நிலைமையை இரண்டாகப் பிரிக்கிறார். எதிரி ஒரு மேய்ப்பனை மட்டும் குறிவைத்துத் தேடுகிறான், மக்களைக் கவனிக்க வேறு குருக்கள் இருக்கிறார்கள் என்றால் அவர் தப்பிப் போகலாம். ஆபத்து எல்லோருக்கும் பொதுவானது, மக்களால் போக முடியவில்லை என்றால், அவர்களுக்குத் தேவைப்படுகிறவர் போகக் கூடாது. எல்லாக் குருக்களும் இருந்து எல்லோரும் செத்துப்போனால் பிறகு யார் கவனிப்பது என்ற கேள்வியையும் அவர் விட்டுவிடவில்லை. யார் இருப்பது, யார் போவது என்று சீட்டுப் போட்டுப் பாருங்கள் என்கிறார்! எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வீரத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. நீ போய்விட்டால் யார் கவனிப்பாரற்றுப் போவார்கள் என்பது ஒன்றே அளவுகோல். கடிதம் எழுதிய மறு ஆண்டே ஹிப்போ முற்றுகைக்கு உள்ளானது. முற்றுகையின் மூன்றாவது மாதத்தில், 430 ஆகஸ்ட் 28 அன்று, நகருக்குள்ளேயே காய்ச்சலில் கிடந்து அகுஸ்தீன் இறந்தார்.

இந்த அளவுகோலுக்குப் பின்னால் ஏறக்குறைய 180 ஆண்டுப் பட்டறிவு இருந்தது. 250இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் தலைமறைவானார். மறைவிடத்திலிருந்து கடிதங்கள் மூலம் சபையை நடத்தினார். ரோமாபுரியின் ஆயர் ஃபாபியன் அந்த ஆண்டு சனவரியிலேயே கொல்லப்பட்டிருந்தார். தங்கள் ஆயரைப் பறிகொடுத்த ரோமக் குருக்கள் கார்த்தேஜுக்கு எழுதிய கடிதத்தில் கூலியாள் உவமையைக் குத்தலாக எடுத்துப் போட்டார்கள். அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸின் கதை இன்னும் வேடிக்கையானது. படைவீரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செய்தி ஒரு கலியாண வீட்டை எட்டியது. விருந்தில் இருந்த கிராமத்து ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவர, காவலர்கள் பறந்துவிட்டார்கள். வந்தவர்களைக் கொள்ளையர் என்று நினைத்த ஆயர் உடுப்பைக் கழற்றிக் கொடுக்கிறார். பிறகு, என்னை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே என் தலையை வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். அவர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, சேணமில்லாத கழுதைமேல் உட்காரவைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். இதை எழுதி வைத்தவர் அவரேதான், தப்பியோடியவர் என்ற பழிக்குப் பதில் சொல்வதற்காக.

ஓடினார்கள் என்று பேர் வாங்கிய இதே இருவர்தான் அடுத்து வந்த கொள்ளைநோயில் நின்றார்கள். கார்த்தேஜில் சடலங்கள் தெருவில் கிடந்தபோது சிப்பிரியான் மக்களைத் திரட்டி, கிறிஸ்தவர் அல்லாதவர்களையும் கவனிக்க வைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய தியாக்கோன் பொந்தியுஸ் சொல்கிறார். அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்தவர்கள் தாங்களும் நோய் வாங்கி இறந்ததைத் தியோனீசியுஸின் கடிதம் சொல்கிறது. தண்ணீரும் சோறும் கொடுக்க ஆள் இருந்ததாலேயே கிறிஸ்தவர்களில் அதிகம் பேர் பிழைத்தார்கள், சபை வளர்ந்தது என்று சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996இல் எழுதிய நூலில் வாதிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் முழுவதும் சபை ஆட்களின் எழுத்து. தன் வீட்டுப் பிள்ளையைத் தானே மெச்சிய கதை. வெளியாள் சாட்சி ஒன்று வேண்டும் என்றால் நூறு ஆண்டு தள்ளிப் போக வேண்டும். கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசன் ஜூலியன் 362 வாக்கில் கலாத்திய நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நமக்கு வெட்கக்கேடு என்று புலம்புகிறான். எதிரியின் எரிச்சலைவிட நம்பகமான சான்றிதழ் வேறு கிடைக்காது. சிப்பிரியானுக்குக் கடைசியில் வாளும் வந்தது. 258 செப்டம்பர் 14 அன்று அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை.

ஏறக்குறைய ஆயிரத்து இருநூற்று எழுபது ஆண்டு தாண்டி இதே கேள்வி ஜெர்மனியில் எழுந்தது. 1527 ஆகஸ்டில் விட்டன்பர்க் நகரில் பிளேக் நுழைந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றினார்கள். லூத்தரையும் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வீடே நோயாளிகள் விடுதியானது. நகர மேயரின் மனைவி ஏறக்குறைய அவர் கைகளிலேயே உயிர்விட்டார். அந்தக் கெடுபிடிக்கு நடுவில், பிரெஸ்லாவ் நகரப் போதகர் யோகன் ஹெஸ் கேட்டதற்குப் பதிலாக, சாவுக்கு அஞ்சி ஓடலாமா என்று ஒரு சிறுநூல் எழுதினார். போதகர், மேயர், நீதிபதி, மருத்துவர் என்று பொறுப்பில் இருப்பவர்கள் போகக் கூடாது. மற்றவர்கள், பக்கத்து வீட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போகலாம். போகிறவனைப் பழிக்காதே. இருக்கிறவன் மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, வேலையில்லாத இடத்துக்குப் போகாதே. கடவுள் காப்பார் என்று சொல்லி நோயைப் பரப்புகிறவன் விசுவாசி அல்லன், கொலைகாரன். 2020 கொரோனா காலத்தில் இந்த நூலை உலகெங்கும் தேடிப் படித்தார்கள். இப்போது படித்தாலும் நகராட்சிச் சுற்றறிக்கை போலத்தான் இருக்கிறது. அதுவே அதன் பெருமை.

ஜெனீவாவின் பதிவேடு இவ்வளவு சுகமாக இல்லை. 1540களின் தொடக்கத்தில் பிளேக் மருத்துவமனைக்குப் போதகர் ஒருவரை அனுப்பும்படி நகரசபை கேட்டது. பியேர் பிளான்ஷே என்பவர் போனார், 1543இல் இறந்தார். அடுத்தவர் யார் என்று கேட்டபோது மற்ற போதகர்கள், அதற்கான மன உறுதியைக் கடவுள் தங்களுக்குத் தரவில்லை என்று நகரசபைமுன் ஒப்புக்கொண்டார்கள். கால்வினை அனுப்ப வேண்டாம், அவர் தேவைப்படுகிறார் என்று நகரசபையே சொல்லிவிட்டது. இந்தப் பக்கத்தைச் சபை வரலாறு எழுதுகிறவர்கள் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பயந்தேன் என்று ஆவணத்தில் பதிய வைத்தவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. பயத்துக்குத் தத்துவம் கண்டுபிடிக்கவில்லையே அவர்கள்.

உடன் நிற்பதற்கு உதாரணம் கேட்டால் கத்தோலிக்கர் முதலில் சொல்லும் பெயர் தமியான். பெல்ஜியத்தின் திரெமெலோவில் 1840இல் பிறந்தவர். ஹவாய் அரசு 1865இல் சட்டம் போட்டு, மறு ஆண்டு முதல் தொழுநோயாளிகளை மொலொக்காய் தீவின் கலாவுபாப்பா முனைக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பத் தொடங்கியது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்து மலை. 1969இல் தனிமைப்படுத்தும் சட்டம் நீங்கும்வரை ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடிகள். குருக்கள் நால்வர் முறைவைத்துப் போய்வருவதாகத்தான் ஆயரிடம் முதலில் ஏற்பாடு. 1873 மே 10 அன்று முதல் ஆளாகப் போன தமியான் திரும்பவில்லை. வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். அந்த மக்களின் பொதுச் சட்டியிலிருந்து 'போய்' என்ற களியை விரலால் தொட்டுச் சாப்பிட்டார், தம் புகைக்குழாயை அவர்களோடு பகிர்ந்தார். 1884 டிசம்பரில் ஒரு நாள் கால் கழுவக் கொதிக்கும் நீரில் பாதத்தை வைத்தார். தோல் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. புரிந்துவிட்டது. 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார். 2009இல் புனிதர் பட்டம்.

இதுவரை எல்லாப் பங்குகளிலும் சொல்லும் கதை. இதற்கு இரண்டு இணைப்புகள் உண்டு. முதலாவது, அன்னை மரியான் கோப். அமெரிக்காவில் மருத்துவமனை நடத்தித் தேர்ந்த பிரான்சிஸ்கன் கன்னிகை. 1888 நவம்பரில் கலாவுபாப்பாவுக்கு வந்து, 1918இல் இறக்கும்வரை முப்பது ஆண்டு அங்கேயே இருந்தார். கையைக் கழுவு என்பதில் கறாரான ஆள். அவருக்கும் நோய் வரவில்லை, அவரோடு இருந்த சகோதரிகளுக்கும் வரவில்லை. தமியானுக்கு மூன்று ஆண்டு பிந்தி 2012இல் அவருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது, ஆனால் பீடங்களில் அவர் படத்தைக் காண்பது அரிது. நோய் வாங்கிச் செத்தால்தான் நின்றதாகக் கணக்கு என்று நாம் எங்கோ பழகிக்கொண்டோம்.

இரண்டாவது இணைப்பு இன்னும் உறுத்துவது. நோயாளிகளோடு துணையாகப் போக உறவினர் சிலருக்கு அரசு அனுமதி கொடுத்தது. கோக்குவா என்று பெயர். கணவனுக்காக மனைவி, மனைவிக்காகக் கணவன், பிள்ளைக்காகத் தாய். தமியான் கரையிறங்கிய அதே 1873இல் ஜோனதானா நபேலா என்ற ஹவாய்க்காரர், நோய் கண்ட மனைவி கிட்டியோடு அங்கே வந்து சேர்ந்தார். நீதிபதியாக இருந்தவர், மார்மன் சபையின் முக்கியஸ்தர். குடியிருப்பின் மேற்பார்வையாளராகவும் சிறிது காலம் இருந்தார். தமியானோடு சிநேகம். அவருக்கும் நோய் தொற்றி 1879இல் இறந்தார், கிட்டியும் அதே ஆண்டு போய்ச் சேர்ந்தார். இப்படி வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். கொவுலாவு என்ற நோயாளிக்கு மனைவியைக் கூட அழைத்துவர அனுமதி மறுத்தபோது, அவர் மனைவி மகனோடு காட்டுப் பள்ளத்தாக்கில் ஒளிந்துகொண்டு, 1893இல் பிடிக்க வந்த படையைச் சுட்டார். வெளிநாட்டிலிருந்து தாமாக வந்தவர் நின்றால் தியாகம், வீட்டு மனிதர் நின்றால் கடமை. இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. போக வசதி உள்ளவர் போகாமல் இருப்பது கண்ணுக்குப் படுகிறது, அவ்வளவுதான்.

போக வசதி உள்ளவர் என்ன செய்கிறார் என்பதை 1994 ருவாண்டா இரக்கமில்லாமல் காட்டியது. வெளிநாட்டாரில் பெரும்பாலோர் சில நாட்களில் வெளியேறினார்கள். துத்சி மக்கள் வழக்கம்போல் தேவாலயங்களுக்கு ஓடினார்கள். நியாங்கே ஆலயத்தில் 1,500க்கும் மேற்பட்டோர் தஞ்சம் புகுந்திருக்க, கட்டடத்தை புல்டோசரால் இடித்து அவர்கள்மேல் தள்ளினார்கள். உடந்தையாக இருந்த பங்குக் குரு அத்தனாஸ் செரொம்பாவுக்குச் சர்வதேசத் தீர்ப்பாயம் மேல்முறையீட்டில் 2008இல் ஆயுள் தண்டனை விதித்தது. மேய்ப்பன் ஓடவில்லை. ஓடியிருக்கலாம் என்று நினைக்க வைக்கிற நிற்பு அது. அதே நாட்களில் கிசெஞ்யி நகரில் ஃபெலிசித்தே நியித்தெகெகா என்ற ஹூத்து இனப் பெண், தம்மிடம் ஒளிந்திருந்த 40க்கும் மேற்பட்டோரை விட்டு வர மறுத்தார். இராணுவ அதிகாரியான சகோதரரே வரச் சொல்லியும் மறுத்தார். ஏப்ரல் 21 அன்று அவர்களோடு சேர்த்து அவரையும் கொன்றார்கள். அவர் குரு அல்லர், துறவற உடுப்பு அணிந்தவரும் அல்லர்.

நமக்கு மிக அருகில் இந்தக் கேள்வி எழுந்த இடம், உள்நாட்டுப் போர் நடந்த இலங்கையின் வன்னி. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும், ஐக்கிய நாடுகள் அமைப்பு கிளிநொச்சியிலிருந்து தன் ஊழியர்களை விலக்கிக்கொண்டது. அலுவலக வாசலில் மக்கள் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வாகனங்கள் போய்விட்டன. தான் தவறிவிட்டதாக ஐ.நா.வின் உள்ளக ஆய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. அகுஸ்தீனின் அளவுகோல் ஆயர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

குருக்களிலும் துறவியரிலும் பலர் போகாமல் அங்கேயே இருந்தார்கள். அரசு மருத்துவர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் கையில் போதிய மருந்து கிடையாது. போர் முடிந்ததும் கைதாகி, தாங்கள் சொன்ன எண்ணிக்கைகளைத் தாங்களே மறுத்துப் பேச வைக்கப்பட்டார்கள். போர் இறுகுவதற்கு முன்பே விலை கொடுத்த குருக்கள் உண்டு. அல்லைப்பிட்டியின் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் 2006 ஆகஸ்டில் காணாமல் ஆக்கப்பட்டார். மனித உரிமை மீறல்களைப் பதிந்துவந்த, 'கிளி ஃபாதர்' என்று மக்கள் அழைத்த கருணாரத்தினம் அடிகளார் 2008 ஏப்ரல் 20 அன்று கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். இறுதி மாதங்களில் கடற்கரையோடு நெருக்கப்பட்ட மக்களுக்கு நடுவே இருந்த குருக்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள். ஒரு பக்கம் 'பாதுகாப்பு வலயம்' என்று அரசு அறிவித்த இடத்துக்குள்ளேயே செல்லடி. மறு பக்கம் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இளைஞர் யுவதிகளைப் பிடித்துக்கொண்டு போகப் புலிகள் ஆலயத்துக்குள்ளேயே நுழைந்தார்கள், தடுத்த குருக்களையும் மீறி. அங்கே நின்றவர்களால் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த உண்மையை மழுப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டும். நின்றால் பலன் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

பிறகு எதற்கு நிற்பது? 2009 மே 18 அன்று வட்டுவாகலில் நடந்ததைப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் அங்கே இருந்தார். எட்டு நாள் முன்பு, நடப்பதை எழுதித் திருத்தந்தைக்குக் கடிதம் அனுப்பியவர். இராணுவத்திடம் சரணடையும் புலி உறுப்பினர்களின் பெயர்களை அவர் பட்டியலாக எழுதியதையும், அவர்களோடு பேருந்தில் ஏறியதையும் குடும்பத்தினர் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகு அவரையும் காணவில்லை, ஏறியவர்களையும் காணவில்லை. ஒரு குருவானவர் கூட இருக்கிறார், பெயர் தாளில் இருக்கிறது என்றால் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை வீணானது. ஆனாலும் இன்று அவர்கள் எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும், எங்கே, எப்போது, யார் முன்னிலையில் ஒப்படைத்தோம் என்று சொல்ல முடிகிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம். அதே நாளில், மக்களோடு வெளியேறி வந்த உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் நெஞ்சடைத்து இறந்தார்.

துன்பம் உச்சத்தில் இருக்கும்போது நிற்பதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டோம். அது ஓய்ந்த பிறகு நிற்பதைப் பற்றிச் சபை மரபில் எழுத்துக் குறைவு. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். எட்டாம் நாள் காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. போருக்குப் பின் சபைக்கும் அந்தச் சோதனை வந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் காரணம் சொல்லவில்லை, கணக்குக் கேட்டார். வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர், இரண்டும் அரசு தந்த எண்கள்தானே, மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று 2011 சனவரியில் அரசின் ஆணைக்குழுவிடமே கேட்டார். அந்த எண்ணில் கூட்டல் குறைவு இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. எல்லோரும் ஏற்கும் எண் ஒன்று கிடைக்கவில்லை. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறக்கும்வரை அரசும் விடை சொல்லவில்லை.

தெற்கில் நிலைமை வேறு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீதி கேட்டுக் கொழும்புக் கர்தினால் ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடிவருகிறார். அது சரியான காரியம். 2009க்கு இந்தக் குரல் எங்கே போனது என்று வடக்குக் கத்தோலிக்கர் கேட்பதும் சரியான கேள்விதான். ஒரே திருச்சபை, ஒரே அப்பம் என்கிறோம். நிற்க வேண்டிய இடம் மட்டும் மொழி பார்த்து அமைகிறது.

வடக்கில் இப்போது நடக்கும் நிற்பு சிறியது, சலிப்பூட்டுவது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் ஓடிவிட்டன, உட்கார்ந்திருந்த பெற்றோர் பலர் இறந்தும் போனார்கள். அவர்களோடு போய் உட்காரும் குருக்களும் கன்னிகைகளும் உண்டு, செய்தியில் வரமாட்டார்கள். 2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கில் தேவாலயத்துக்கு அருகே, இறந்தவர்களின் பெயர்களைக் கற்களில் பொறித்து நினைவுகூர இயேசு சபைக் குரு ஒருவர் ஏற்பாடு செய்தார். போலீஸ் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. அவரை அழைத்து விசாரித்தார்கள். கல்லில் இருக்கும் பெயர்களில் புலிகள் யார் யார் என்று சொல்ல வேண்டுமாம்.